லாகோஸ் நகருக்குள் சுற்ற: பத்து நாள் வேலைப் பயணத்துக்கு எந்த வண்டி தோது?

#1 பயணப்பை
நைஜீரியாவின் லாகோஸுக்கு முதல்முறை. மொத்தம் பத்து நாள். தங்க இடம் இலுபேஜுவில் ஒரு விருந்தினர் இல்லம். நாலு நாள் விக்டோரியா தீவில் வேலை, இரண்டு நாள் அபாபா துறைமுகப் பக்கம், ஒருநாள் இகோரோடு. விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போக மட்டும் வண்டி தருகிறார்கள், மற்றதற்கு நானேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் வேன், ஆட்டோ, பேருந்து, ரயில், படகு என்று எல்லாமே இருக்கிறதாம். வெளியாள் எதில் ஏறலாம், எதைத் தொடக்கூடாது? கட்டணம் எவ்வளவு ஆகும்?

#2 இகேஜாவாசி
எந்த வண்டி என்பது அப்புறம். முதலில் வரைபடத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

லாகோஸ் ஒரே ஊர் இல்லை, இரண்டு ஊர். வடக்கே இருப்பதை மெயின்லேண்ட் என்பார்கள்: விமான நிலையம், இகேஜா, ஒஷோடி, யாபா, உங்கள் இலுபேஜு எல்லாம் அந்தப் பக்கம். தெற்கே ஐலண்ட்: லாகோஸ் தீவு, இகோயி, விக்டோரியா தீவு, அங்கிருந்து வாலாக நீளும் லெக்கி. நடுவில் காயல். கடக்க இருப்பது மூன்றே பாலம்: கார்ட்டர், ஏகோ, மூன்றாவது மெயின்லேண்ட் பாலம். கடைசியாகச் சொன்னது 1990-இல் திறந்தது, 11.8 கி.மீ. நீளம். அதன் நடுவில் ஒரு லாரி படுத்துவிட்டால் இறங்கி வேறு வழி பார்க்க இடமே கிடையாது.

ஊரில் பெரும்பாலோர் வடக்கே குடியிருந்து தெற்கே வேலைக்குப் போகிறவர்கள். காலையில் பாலம் தெற்கு நோக்கி அடைக்கும், மாலையில் வடக்கு நோக்கி. இலுபேஜுவில் தங்கி விக்டோரியா தீவுக்குப் போனால் இரண்டு வேளையும் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நகர்வீர்கள். விடிகாலை 5.30-க்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே தூரத்துக்கு 7 மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். திரும்புவது மதியம் 3-க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரவு 8-க்குப் பிறகு. நடுவில் கிளம்பி அவசரப்பட்டுப் பலன் இல்லை.

அந்த நாலு நாளுக்கு அறையைத் தீவுப் பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். எந்த வண்டி பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இதில் மிச்சமாகும் நேரம் அதிகம்.

கட்டணம் பற்றி: இங்கே யார் எண் போட்டாலும் நம்பாதீர்கள். 2023 மே 29-இல் பெட்ரோல் மானியத்தை எடுத்தார்கள். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த விலை ஒரே வாரத்தில் 500-ஐத் தொட்டது, பிறகு ஆயிரத்தையும் தாண்டியது. பழைய பதிவுகளில் உள்ள கட்டணங்களை வைத்துப் பேரம் பேசினால் சிரிப்பார்கள்.

#3 மஞ்சள்வேன்
அறையை மாற்றச் சொன்னது சரிதான். ஆனால் அடுத்து வருகிறவர் 'டான்ஃபோ பக்கமே போகாதே' என்று எழுதுவார், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

டான்ஃபோ என்பது மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பங்கு வேன். பழைய ஃபோக்ஸ்வாகன், டொயோட்டா ஹையேஸ், நிசான் அர்வான் எல்லாம் ஓடுகின்றன. இதைவிடக் குட்டியாக சுசுகி வேன்கள் உண்டு, அவற்றுக்கு கொரோபே என்று பெயர். வாசலில் தொங்கும் நடத்துநர் போகுமிடத்தைக் கத்துவார்: "ஒஷோடி ஒஷோடி", "யாபா ஓஜுவெலெக்பா". ஒபாலெண்டே என்பது அவர் வாயில் வெறும் "லெண்டே" ஆகிவிடும். நெற்றியில் பலகை இருக்காது, எண் இருக்காது. காது பழக வேண்டும்.

ஏறும்போது செய்ய வேண்டியவை:

கட்டணத்தை ஏறுவதற்கு முன் கேளுங்கள், ஏறிய பிறகு கேட்காதீர்கள். மழை பிடித்தாலும் மாலை நெரிசல் தொடங்கினாலும் அதே தூரத்துக்குக் கேட்பது கூடும். அது உங்களை ஏமாற்றுவதற்கு இல்லை, பக்கத்தில் நிற்பவரிடமும் அதையேதான் கேட்பார்.

சில்லறை இல்லாமல் ஏறக்கூடாது. நைராவில் இருப்பதிலேயே பெரிய நோட்டு 1,000. கையில் 100, 200, 500 கலந்து வைத்திருங்கள். சில்லறை இல்லாத இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே நோட்டைக் கொடுத்து 'இறங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவார் நடத்துநர். அந்த நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பின்னாலேயே நீங்களும் இறங்கி ஓட வேண்டிவரும்.

இடம்: ஃபோக்ஸ்வாகன் எல்.டி. வேனில் முன்னிருக்கை இரண்டுக்கும் நடுவில் எஞ்சின். நடுவில் உட்கார்ந்தால் தொடை வேகும். ஹையேஸில் கதவோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து இறங்கி வழிவிட வேண்டும். முதுகுப்பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இருந்தால் டான்ஃபோவே வேண்டாம்.

இறங்க: "ஓ வா" என்று உரக்கச் சொன்னால் நிறுத்துவார். யோருபாவில் அதற்கு 'இருக்கிறது', அதாவது இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். நம் காதுக்கு யாரையோ 'வா' என்று கூப்பிடுவதுபோலக் கேட்கும். நிறுத்தத்துக்கு ஒரு ஐம்பது அடி முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தத்தின் பெயரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரு முகவரி சொன்னால் நடத்துநருக்குத் தெரியாது. பெட்ரோல் பங்க், தேவாலயம், பாலத்தடி இவைதான் இங்கே நிறுத்தங்களின் பெயர். சி.எம்.எஸ். என்று கத்துகிறார்களே, அது ஒரு கிறித்தவ மிஷன் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். அங்கே அவர்கள் புத்தகக் கடை இருந்தது, நிறுத்தத்துக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

#4 மீனா_கடற்கரை
'டான்ஃபோ பக்கம் போகாதே' என்று எழுதப்போகிறவர் நான்தான்.

முழுசாக வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலில், முனையத்திலேயே வரிசையில் நின்று நிரப்புகிற வண்டியில், பாலம் தாண்டாத சின்னத் தூரம் என்றால் சரி. மஞ்சள்வேன் சொல்லாமல் விட்டது 'ஒன் சான்ஸ்'. 'இன்னும் ஒரு இடம்தான்' என்று நடத்துநர் கூவும் வார்த்தை அது. இப்போது அதுவே ஒரு கொள்ளை முறையின் பெயர். வண்டியில் உள்ள ஓட்டுநர், நடத்துநர், 'பயணிகள்' எல்லோரும் ஒரே கூட்டம். உண்மையான பயணி நீங்கள் ஒருவர்தான். இருட்டில், நிறுத்தம் இல்லாத சாலையோரத்தில், தனியாக நிற்பவர் பக்கத்தில் வந்து நிற்கும்.

அடையாளம் பார்க்கச் சில வழிகள் உண்டு. வாடகை வண்டிக்கு எண் பலகையில் எழுத்து சிவப்பு, தனியார் வண்டிக்கு நீலம். நீல எழுத்து வண்டி ஆள் ஏற்றினால் விலகுங்கள். மஞ்சள் வண்ணம் இல்லாத காரில் மூன்று ஆண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் ஏறாதீர்கள். சிவப்பு எழுத்தாக இருந்தாலே பத்திரம் என்றும் அர்த்தமில்லை. எங்கே ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், அதுதான் முக்கியம். மாலை 6.30-க்கு மேல் சாலையில் கைகாட்டி எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று: காரில் போனாலும் நெரிசலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றி வையுங்கள். திறந்த சன்னல் பக்கம் கையில் கைபேசி இருந்தால் பிடுங்க ஒரு நொடி போதும். சாலையில் தண்ணீர், வாழைக்காய் வறுவல், காலா என்கிற இறைச்சி ரொட்டி எல்லாம் விற்றுக்கொண்டு ஓடி வருவார்கள். வாங்கலாம், தவறில்லை. காசைத் தனியாக எடுத்து வைத்திருங்கள், பணப்பையை வெளியே எடுக்காதீர்கள்.

#5 மஞ்சள்வேன்
மீனா மேடம் சொன்ன நேரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பகல், முனையம், சின்னத் தூரம். இதில் சண்டை இல்லை.

#6 ஓசூர்க்காரன்
ஆட்டோவைப் பற்றி நான். இங்கே அதற்குப் பெயர் கெக்கே. கெக்கே நாப்பெப், கெக்கே மார்வா என்று இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. மார்வா என்பது 1990-களின் பிற்பகுதியில் லாகோஸ் மாநில ராணுவ நிர்வாகியாக இருந்தவரின் பெயர், அவர் காலத்தில்தான் மூன்று சக்கர வண்டி இங்கே வந்தது. நாப்பெப் என்பது வறுமை ஒழிப்புத் திட்டத்தின் சுருக்கம், 2001-க்குப் பிறகு அதன் வழியாகக் கெக்கேக்களைப் பரப்பினார்கள்.

இரண்டே வண்டிதான் கண்ணில் படும்: பஜாஜ் ஆர்.இ., டி.வி.எஸ். கிங். கிங் நம்ம ஓசூரில் செய்தது. வண்டி அதே, ஓடும் முறைதான் வேறு. இது பங்கு வண்டி. பின்னால் மூன்று பேர் நிறைந்தால்தான் கிளம்பும், ஓட்டுநர் பக்கத்தில் நாலாவது ஆளும் தொற்றிக்கொள்வார். அந்த நாலாவது இடத்தில் மட்டும் உட்காராதீர்கள். பாதி இடுப்பு வெளியே நிற்கும், வளைவில் பிடிமானம் கிடையாது.

தனியாக வேண்டுமென்றால் 'டிராப்' என்று சொல்ல வேண்டும். டிராப் என்றால் வண்டி முழுக்க உங்களுக்கு, எல்லா இருக்கைக்கும் சேர்த்துக் காசு. சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டு வழியில் ஆள் ஏற்றுகிறார் என்று கோபப்படக்கூடாது, நீங்கள் டிராப் என்று சொல்லவில்லையே. அதேபோல், காலி வண்டியில் ஏறி வாய் திறக்காமல் இருந்தால், இறங்கும்போது அது டிராப்தான் என்று அவர் சாதிக்கவும் கூடும். ஏறும்போதே பேசிவிடுங்கள்.

கெக்கே பாலத்திலும் விரைவுச் சாலையிலும் ஏற முடியாது. உள்தெரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலுபேஜுவுக்குள் சுற்றவும், அங்கிருந்து பெரிய சாலை நிறுத்தம் வரை போகவும் இதுதான் சரி.

பைக் டாக்சிக்கு ஒகாடா என்று பெயர். ஒகாடா ஏர் என்று ஒரு விமான நிறுவனம் இருந்தது, நெரிசலில் பறக்கிற பைக்குக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதில் ஏறாதீர்கள். 2022 ஜூன் 1 முதல் இகேஜா, சுருலேரே, எத்தி-ஒசா, லாகோஸ் தீவு, லாகோஸ் மெயின்லேண்ட், அபாபா ஆகிய ஆறு உள்ளாட்சிகளில் முழுத் தடை, அதே ஆண்டு செப்டம்பரில் கொசோஃபே, ஒஷோடி-இசோலோ, முஷின், ஷொமோலு நான்கும் சேர்ந்தன. நீங்கள் போகிற இடத்தில் இகோரோடு தவிர எல்லாமே இந்தப் பட்டியலுக்குள்தான். வண்டி பறிமுதல் ஆவது ஓட்டுகிறவர் பாடு என்று நினைக்காதீர்கள், பின்னால் உட்கார்ந்தவர் மீதும் சட்டம் பாயும். தடை இருந்தும் ஓடும். ஓடுகிறதே என்று ஏறக்கூடாது.

#7 பயணப்பை
எல்லோருக்கும் நன்றி. ஊபர், போல்ட் எப்படி? நம்ம ஊர்போலப் பதிவு செய்து ஏறினால் முடிந்ததா?

#8 இகேஜாவாசி
ஏறுவது வரைக்கும்தான் நம்ம ஊர் மாதிரி. ஊபர், போல்ட், இன்டிரைவ் மூன்றும் ஓடுகின்றன. இன்டிரைவில் விலையை நீங்கள் சொல்ல, ஓட்டுநர் எதிர்விலை சொல்வார்.

பதிவானதும் ஓட்டுநர் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பார்: எங்கே போகிறீர்கள், பணமா அட்டையா? பாலம் தாண்ட வேண்டும் என்றால் சிலர் வர மாட்டார்கள், ஆனால் தாமாக ரத்தும் செய்ய மாட்டார்கள். நீங்கள் ரத்து செய்யட்டும் என்று ஒரே இடத்தில் நிற்பார்கள். புள்ளி ஐந்து நிமிடம் நகரவில்லை என்றால் அடுத்த வண்டி பாருங்கள். அட்டை என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் அதிகம், அந்தப் பணம் அவர் கைக்கு வரத் தாமதமாகும், பெட்ரோலுக்கு இன்றே காசு வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் வங்கிப் பரிமாற்றம் செய்துவிடுவார்கள். உங்களுக்கு உள்ளூர்க் கணக்கு இருக்காது, ஆகவே நோட்டு. தெருமுனைக் குடையின் கீழ் அட்டை இயந்திரம் வைத்துப் பணம் தருபவர்கள் எங்கும் இருப்பார்கள், ஆனால் வெளிநாட்டு அட்டையை அது ஏற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வங்கி வாசலில் உள்ள ஏ.டி.எம்.மில் பகலில் எடுத்து வையுங்கள்.

'செயலியில் ரத்து செய்துவிட்டு நேரடியாகக் கொடுங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பயணப் பதிவு இல்லாமல் போனால் பை மறந்தாலும் சண்டை வந்தாலும் கேட்க நாதி இருக்காது. எண் பலகையைச் சரிபாருங்கள்: மூன்று எழுத்து, மூன்று எண், இரண்டு எழுத்து. வேறு வண்டியில் வந்து 'அது பழுது, இதுவும் என் கார்தான்' என்றால் ஏறாதீர்கள். ஏ.சி. போடுவாரா என்பதையும் கிளம்பும் முன்னே கேட்டுவிடுங்கள். எரிபொருள் விலையால் அது இப்போது தனிப் பேரம் ஆகிவிட்டது.

விருந்தினர் இல்லத்துக்காரரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: தெருவுக்கு இரவில் கதவு பூட்டுவார்களா, எத்தனை மணிக்கு? லாகோஸில் குடியிருப்புத் தெருக்களுக்கே இரும்புக் கதவு உண்டு. இரவில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மூடிவிடுவார்கள். செயலிக்கு அது தெரியாது, பூட்டிய கதவு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். லெக்கி பக்கம் மதில் சூழ்ந்த குடியிருப்பு என்றால் உள்ளே நுழையக் குறியீட்டு எண் கேட்பார்கள். பார்க்கப் போகிறவரிடம் அதை முன்னமே வாங்கிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நிற்கிற ஆள் உங்களவர்தானா என்று பார்க்க வேண்டும். பலகையைப் பார்த்து அதே பெயரை எழுதி முன்னால் வந்து நிற்பவர்கள் உண்டு. பலகையில் பெயருக்குப் பதில் நீங்களும் அவரும் பேசிவைத்த ஒரு சொல் இருக்கட்டும். பன்னாட்டு முனையமும் உள்நாட்டு முனையங்களும் தனித்தனி இடம், நடந்து போகிற தூரம் இல்லை. திரும்பும்போது 'ஏர்போர்ட்' என்று மட்டும் போட்டால் எந்த வாசலில் இறக்குவார் என்று சொல்ல முடியாது.

#9 தண்டவாளம்
யாரும் ரயிலைத் தொடவில்லையே.

இரண்டு தடம் ஓடுகிறது. நீலத் தடம் 2023 செப்டம்பர் 4 முதல்: மைல் 2, சுரு-அலாபா, ஒரிலே-இகன்மு, நேஷனல் தியேட்டர், மரினா. ஐந்து நிலையம், 13 கி.மீ., மின்சார ரயில். கடைசிப் பகுதி தண்ணீர் மேலேயே போகும், நாலாவது பாலம் என்று சொல்லிக்கொள்ளலாம், ரயிலுக்கு மட்டும். சிவப்புத் தடம் 2024 அக்டோபர் 15 முதல்: அக்பாடோ, இஜு, அகேகே, இகேஜா, ஒஷோடி, முஷின், யாபா, ஒயிங்போ. எட்டு நிலையம், 27 கி.மீ., டீசல். இபடான் நகருக்குப் போகும் ரயிலும் அதே பாதையில்தான், அதனால் வண்டிகள் அடுத்தடுத்து வராது. அன்றைய அட்டவணையைப் பார்க்காமல் நிலையத்துக்குப் போகாதீர்கள்.

இலுபேஜுவுக்கு அருகே முஷின் நிலையம். ஆனால் சிவப்புத் தடம் ஒயிங்போவில் நின்றுவிடும், காயலைக் கடக்காது. நீலத் தடம் கடக்கும், ஆனால் இலுபேஜு பக்கம் வராது. இரண்டும் விக்டோரியா தீவுக்குப் போகாது. ரயில் நல்ல ரயில்தான், உங்கள் பாதைக்குத்தான் ஒத்துவரவில்லை.

ஒத்துவருவது பி.ஆர்.டி. என்கிற விரைவுப் பேருந்து. 2008 மார்ச்சில் மைல் 12-இலிருந்து சி.எம்.எஸ். வரை தொடங்கியது, 2015-இல் வடக்கே இகோரோடு வரை நீட்டினார்கள். இகோரோடு சாலையில் பெரும்பகுதிக்குத் தனித்தடம், மற்ற வண்டி நுழைந்தால் பிடிப்பார்கள். இலுபேஜுவிலிருந்து கெக்கேயில் பாம்குரோவ் நிறுத்தம், அங்கிருந்து டி.பி.எஸ். என்கிற தஃபாவா பலேவா சதுக்கத்துக்கு நேர் பேருந்து. அங்கே இறங்கிச் செயலி வண்டி பிடித்தால் விக்டோரியா தீவு பக்கம்தான். சிக்கல் ஒன்று உண்டு: காலையில் பாம்குரோவுக்கு வரும்போதே இகோரோடு, மைல் 12 கூட்டத்தால் பேருந்து நிரம்பியிருக்கும், நிற்காமலும் போகும். தனித்தடம் எல்லா இடத்திலும் தொடர்வதும் இல்லை, பாலம் நெருங்கும்போது மற்ற வண்டிகளோடு சேர்ந்துதான் ஊர்ந்தாக வேண்டும்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் கவுரி அட்டை வேண்டும். நிலையத்திலும் பெரிய முனையத்திலும் வாங்கிப் பணம் ஏற்றலாம். ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். சின்ன நிறுத்தத்தில் பணம் ஏற்றும் ஆள் இல்லாமல் போகலாம், முதல்நாளே நாலைந்து பயணத்துக்கு ஏற்றி வையுங்கள்.

கவுரி என்பது சோழிதான். ஒருகாலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் சோழிதான் காசு, அதுவும் மாலத்தீவில் அள்ளிக் கப்பலில் வந்தது. அட்டைக்குப் பொருத்தமான பெயர்.

#10 மஞ்சள்வேன்
தனித்தடம் பற்றி ஒரு சேர்க்கை. உங்கள் செயலி ஓட்டுநர் நெரிசலில் பொறுமை இழந்து பி.ஆர்.டி. தடத்தில் நுழைந்தாலோ, எதிர்த்திசையில் ஏறினாலோ தடுத்துச் சொல்லுங்கள். லாஸ்ட்மா என்கிற மாநிலப் போக்குவரத்து அமைப்பின் ஆட்கள் பிடித்தால் வண்டியே போகும், பயணி நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். 'சீக்கிரம் போங்கள்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அதை இதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்வார். அதைச் சொல்லாதீர்கள்.

#11 படகுத்துறை
தண்ணீரைப் பாருங்கள் என்று இகேஜாவாசி தொடங்கினார், தண்ணீரில் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இகோரோடில் இபகோடோ துறை, தீவுப் பக்கம் ஃபலோமோவில் ஒரு துறை, மரினா, எபுத்தே ஏரோ. சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் தின்னும் இகோரோடு–தீவு தூரத்தைப் படகு ஒரு மணிக்குள் முடித்துவிடும்.

உயிர்காப்புச் சட்டை கட்டாயம். கையில் தருவார்கள், மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டி, கீழ்ப்பட்டியையும் இழுத்துக் கட்டுங்கள். பட்டி அறுந்ததைத் தந்தால் மாற்றிக் கேளுங்கள், மாற்றாவிட்டால் இறங்கிவிடுங்கள். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் படகுகள் அதிகம், காலையில் உடனே நிரம்பும், நண்பகலில் காத்திருக்க வேண்டும். இருட்டிய பின் பயணிகள் படகு ஓட்டத் தடை. மாலைக் கடைசிப் படகு எப்போது என்பதைப் போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகுப் பயணம் கெடுவது எதனால் என்றால், முக்கியமாக ஆகாயத்தாமரை. மழைக்குப் பிறகு ஆற்று நன்னீர் காயலில் இறங்கி உப்பு குறையும்போது பாய் விரித்ததுபோல மிதந்து வரும், எஞ்சின் இறக்கையில் சுற்றிக்கொள்ளும். நடுக்காயலில் எஞ்சினைத் தூக்கிப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி கிளம்புவார்கள், பதற வேண்டாம். டிசம்பர்–பிப்ரவரியில் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் தூசிக்காற்று வந்தால் காலையில் பார்வை மங்கும், படகு தாமதிக்கும். எஞ்சின் பக்கம் உட்கார்ந்தால் நனைவது குறைவு, சத்தம் அதிகம். மடிக்கணினியை நெகிழிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

#12 பயணப்பை
அறை மாற்றக் கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். நாலு நாள் விக்டோரியா தீவிலேயே. அபாபா, இகோரோடு மட்டும் இலுபேஜுவிலிருந்து. அபாபாவுக்கு நீலத் தடம் உதவுமா? இகோரோடு நாள் வெள்ளிக்கிழமை. படகா பேருந்தா?

#13 தண்டவாளம்
உதவாது. நீலத் தடம் அபாபாவுக்குள் போகாது. ஒரிலேயிலோ நேஷனல் தியேட்டரிலோ இறங்கினாலும் மிச்சத் தூரம் சாலைதான். அங்கே உங்கள் எதிரி கார் இல்லை, கன்டெய்னர் லாரியும் எண்ணெய் லாரியும். 2021-இல் துறைமுகத்துக்குள் லாரியை முறை வைத்துக் கூப்பிடும் மின்னணு ஏற்பாடு வந்தது. முன்புபோல நாள்கணக்கில் வரிசை நிற்பது குறைந்தது, தீரவில்லை. போகும் அன்று காலை அங்கே வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு துறைமுகத்துக்குப் போகும் வார்ஃப் ரோடு நகர்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வரைபடச் செயலி சிவப்பாகக் காட்டுவதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

#14 மீனா_கடற்கரை
அபாபா இரண்டு நாளுக்கும் ஓட்டுநரோடு காரை நாள் வாடகைக்குப் பேசிவிடுங்கள். அங்கிருந்து மாலையில் செயலியில் வண்டி கிடைப்பது கஷ்டம். அந்த நெரிசலுக்குள் வர ஒருவரும் ஒப்ப மாட்டார்கள். பேசும்போது நாலு விஷயத்தைத் தெளிவாக்குங்கள்: பெட்ரோல் யாருடையது, எத்தனை மணி வரை, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் யார் தருவது. முழுத் தொகையையும் காலையிலேயே தராதீர்கள். பெட்ரோல் தட்டுப்பாடு இருக்கும் வாரமாக இருந்தால் முந்தின இரவே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். காலையில் பங்க் வரிசையில் நின்றால் உங்கள் 5.30 கணக்கு போச்சு.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, முதலில் வணக்கம் சொல்லுங்கள். காவலரையும் துறைமுக வாசலையும் படம் எடுக்காதீர்கள்.

#15 இகேஜாவாசி
இகோரோடுக்குப் பேருந்து. இலுபேஜுவிலிருந்து படகுத் துறைக்குப் போவதற்குப் பாதி இகோரோடே வந்துவிடும். படகு, தீவிலிருந்து போகிறவர்களுக்கு.

நீங்கள் போவது கூட்டத்துக்கு எதிர்த்திசை என்பது நல்ல விஷயம். காலையில் ஊரே இகோரோடிலிருந்து உள்ளே வரும், நீங்கள் வெளியே போவீர்கள். மாலையில் எல்லோரும் வெளியே போகும்போது நீங்கள் உள்ளே வருவீர்கள். உட்கார இடமும் கிடைக்கும்.

ஆனால் அது மாதத்தின் முதல் வெள்ளியா என்று பாருங்கள். லாகோஸ்–இபடான் விரைவுச் சாலையில் ரிடெம்ப்ஷன் சிட்டி என்கிற பெரிய தேவாலய வளாகம் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளி இரவு முழுக்க அங்கே வழிபாடு. மதியத்திலிருந்தே மேரிலேண்ட், ஓஜோட்டா வழியாக வண்டிகள் வெளியேறத் தொடங்கிவிடும். அன்றைக்கு இகோரோடுக்குக் காலை 9-க்குள் போய்விட்டால் பாதிப்பு இல்லை, திரும்புவது எதிர்ப்புறச் சாலைதானே. பிற்பகல் சந்திப்பு என்று வைத்தால் ஓஜோட்டாவிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

#16 பயணப்பை
முதல் வெள்ளியேதான். சந்திப்பைக் காலை பத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாம்குரோவில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

#17 தண்டவாளம்
இலுபேஜு இருக்கிற பக்கம் நின்றால் சி.எம்.எஸ். போகிற வண்டிதான் வரும். நடைமேம்பாலம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்குங்கள், வண்டி வந்ததும் 'இகோரோடு' என்று கேட்டு ஏறுங்கள். சில வண்டி மைல் 12-ஓடு நின்றுவிடும். சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். நடைமேம்பாலம் இருக்கும் இடத்தில் கீழே கடப்பவர்களைப் பிடிக்கவே ஆள் நிற்பார்கள்.

#18 ஓசூர்க்காரன்
நடைமேம்பாலப் படியடியில் கெக்கே நிற்கும். இறங்கும்போது சில்லறை.